38 மாவட்டங்களும் 32 மாவட்டங்களும்: பவர் குவெரியில் இரண்டு பட்டியல்களை இணைப்பது எப்படி?

போன வருடம் நண்பர் ஒருவர் இரண்டு எக்செல் ஃபைல்களை அனுப்பி, “இதை ஒண்ணா சேர்த்துக் குடுங்க, அஞ்சு நிமிஷ வேலைதான்” என்றார். அவர் இருக்கும் தன்னார்வக் குழு தமிழ்நாடு முழுக்கச் சிறுவர் வாசிப்பு மையங்களை நடத்துகிறது. முதல் ஃபைலில் மாவட்டத்தின் பெயர், அங்கே எத்தனை மையங்கள் என்று இரண்டு பத்திகள். மொத்தம் 38 வரிசைகள். இரண்டாவது ஃபைல், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த மாவட்டவாரி மக்கள்தொகை, 32 வரிசைகள். (2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் எல்லாரும் 2011ஐயே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.) எத்தனை பேருக்கு ஒரு மையம் என்று மாவட்டவாரியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் சொன்னது தப்பில்லை. இணைக்கிற வேலைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. எனக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த மிச்ச நேரம் எங்கே போனது என்று தெரிந்தால் உங்களுக்கு அரை நாளில் முடியும். அதற்காகத்தான் அந்த இரண்டு ஃபைல்களையே உதாரணமாக வைத்து எழுதுகிறேன்.

மென்பொருள்

பட்டியல்களை ஏற்றி, துடைத்து, இணைப்பதற்காக எக்செலுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரி என்ற கருவியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். எக்செல் 2010, 2013 பதிப்புகளில் இதைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. 2016 முதல் ‘டேட்டா’ தாவலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே பெரும்பாலானவர்களுடைய கணினியில் ஏற்கெனவே இருக்கும். திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

‘வி-லுக்கப் (ஒரு பட்டியலில் பெயரைத் தேடி அதே வரிசையில் உள்ள மதிப்பை எடுத்துத் தரும் எக்செல் சூத்திரம்) போட்டால் போதாதா?’ என்று கேட்பீர்கள். சின்ன வேலைக்குப் போதும். ஆனால் வி-லுக்கப்பில் மூன்று தொல்லைகள். தேடும் பத்தி இடது ஓரத்தில் இருந்தாக வேண்டும். கடைசி இடத்தில் ‘ஃபால்ஸ்’ போட மறந்தால் தோராயமாகப் பொருத்திவிடும். தப்பான விடையை முகம் மாறாமல் தரும். ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தால் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைப் பற்றி வாயே திறக்காது. இந்த மூன்றாவதுதான் ஆபத்து. பவர் குவெரியிலும் தப்பு வரும், ஆனால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரும்.

முதலில் சாவியைப் பாருங்கள்

இரண்டு பட்டியல்களுக்கும் பொதுவான பத்திதான் சாவி. நம் உதாரணத்தில் மாவட்டத்தின் பெயர். அலுவலகத்தில் என்றால் ஊழியர் எண், பள்ளியில் என்றால் மாணவரின் பதிவு எண், கடையில் என்றால் சரக்கின் குறியீடு. ஒரு ஷீட்டில் ‘சென்னை’ என்று இருக்கும் வரிசையையும் இன்னொன்றில் ‘சென்னை’ என்று இருக்கும் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் இணைப்பு.

எண் கிடைத்தால் பெயரைச் சாவியாக்காதீர்கள். பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். எண்ணை அப்படி எழுத முடியாது. மாவட்டங்களுக்கும் எண் உண்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 33, சென்னை மாவட்டத்தின் எண் 603. ஆனால் நண்பரின் ஃபைலில் எண்ணே கிடையாது. தன்னார்வலர்கள் கையால் அடித்த பெயர்கள்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத்தொகுப்பும் மாவட்டங்களுக்கு எண் கொடுக்கிறது, ஆனால் அது வேறு வரிசை. பத்தியின் தலைப்பில் ‘மாவட்டக் குறியீடு’ என்று இருக்கிறதே என்று நம்பி இரண்டையும் இணைத்தால் ஒரு மாவட்டத்தின் விவரம் வேறொரு மாவட்டத்தின் தலையில் போய் விழும். யார் கொடுத்த எண் என்று கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

பட்டியல்களை உள்ளே ஏற்றுவது

முதல் ஷீட்டில் ஏதாவது ஒரு கட்டத்தில் கர்சரை வைத்து ‘கண்ட்ரோல்’, ‘டி’ இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். தலைப்பு வரிசை இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் டிக் போட்டு ஓகே கொடுங்கள். இப்போது அது ‘டேபிள்’ ஆகிவிட்டது. மேலே ‘டேபிள் டிசைன்’ தாவலில் இடது ஓரத்தில் அதன் பெயர் ‘டேபிள்1’ என்று இருக்கும். அதை ‘மையங்கள்’ என்று மாற்றுங்கள். சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடாதீர்கள், ‘டேபிள்1’, ‘டேபிள்3’, ‘டேபிள்1_2’ என்று சேர்ந்த பிறகு எது எதுவென்று தெரியாமல் முழிப்பீர்கள். இரண்டாவது ஷீட்டையும் இதேபோல் டேபிளாக்கி ‘சென்சஸ்’ என்று பெயர் வையுங்கள்.

டேபிளாக்கும் முன் ஒன்று பார்க்க வேண்டும். அரசு தளங்களில் கிடைக்கும் ஃபைல்களில் மேலே மூன்று நான்கு வரிசைக்குத் தலைப்பு, இணைத்த கட்டங்கள், கீழே ‘மொத்தம்’ என்றொரு வரிசை எல்லாம் இருக்கும். மேலே உள்ளதை நீக்குங்கள். ‘மொத்தம்’ வரிசையைக் கட்டாயம் நீக்குங்கள், ஆனால் அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வையுங்கள். தமிழ்நாட்டுக்கு அது 7,21,47,030. பின்னால் இதுதான் நம்மைக் காப்பாற்றப் போகிறது.

சரி. ‘டேட்டா’ தாவலுக்குப் போய் ‘ஃப்ரம் டேபிள்/ரேஞ்ச்’ அழுத்துங்கள். பவர் குவெரி தனி ஜன்னலாகத் திறக்கும். வலப்பக்கம் ‘அப்ளைடு ஸ்டெப்ஸ்’ என்று ஒரு பட்டியல் தெரியும். நீங்கள் செய்வதெல்லாம் அங்கே ஒவ்வொரு படியாகப் பதிவாகும். தப்பாகப் போன படியை எக்ஸ் போட்டு நீக்கிக்கொள்ளலாம். உங்கள் மூல ஷீட்டில் ஒரு எழுத்துகூட மாறாது.

அந்தப் பட்டியலில் நீங்கள் கேட்காமலேயே ‘சேஞ்ச்டு டைப்’ என்று ஒரு படி வந்திருக்கும். எண் மாதிரி தெரிவதையெல்லாம் எண்ணாக மாற்றும் படி அது. மக்கள்தொகைக்குச் சரி. ஆனால் சாவியே ‘007’ போன்ற குறியீடாக இருந்தால், முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிட்டு ‘7’ என்று நிற்கும். ஒரு ஷீட்டில் ‘007’, இன்னொன்றில் ‘7’ என்றால் அவை சேராது. அந்தப் படியை நீக்கிவிட்டுச் சாவிப் பத்தியின் தலைப்பில் உள்ள சின்னத்தை அழுத்தி ‘டெக்ஸ்ட்’ என்று வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் டெக்ஸ்ட், மறுபக்கம் எண் என்றால் ஒன்று மென்பொருள் முரண்டு பிடிக்கும், இல்லையென்றால் ஒரு வரிசைகூடப் பொருந்தாது. வங்கிக் கணக்கு எண் மாதிரி நீளமானவற்றைச் சாவியாக வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணை நினைவில் வைக்காது. 16 இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அப்புறம் டெக்ஸ்டாக மாற்றியும் பயனில்லை. போன இலக்கம் போனதுதான்.

பிறகு ‘ஹோம்’ தாவலில் ‘க்ளோஸ் அண்ட் லோடு’ என்பதன் கீழ்நோக்கிய அம்பை அழுத்தி ‘க்ளோஸ் அண்ட் லோடு டு’ என்பதைத் தேர்ந்து, ‘ஒன்லி கிரியேட் கனெக்ஷன்’ கொடுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே இருக்கும் பட்டியலின் நகல் இன்னொரு ஷீட்டில் தேவையில்லாமல் வந்து உட்காரும். இரண்டாவது பட்டியலுக்கும் இதையே செய்யுங்கள்.

இணைக்கும் முன் துடைப்பது

பவர் குவெரி கறாரான பேர்வழி. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதற்கு வேறு வேறு. பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருந்தாலும் வேறு. வி-லுக்கப் பெரிய எழுத்து சின்ன எழுத்தைக் கண்டுகொள்ளாது என்பதால், அதில் பழகியவர்கள் இங்கே வந்ததும் ‘நேற்று பொருந்தியது இன்று பொருந்தவில்லையே’ என்று திகைப்பார்கள். பவர் குவெரி ஜன்னலை மறுபடி திறந்து, சாவிப் பத்தியைத் தேர்ந்து ‘டிரான்ஸ்ஃபார்ம்’ தாவலில் ‘ஃபார்மட்’ என்பதற்குள் இருக்கும் ‘டிரிம்’, ‘க்ளீன்’, பிறகு ‘அப்பர்கேஸ்’ மூன்றையும் இரண்டு பட்டியல்களிலும் கொடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும்: எக்செலின் டிரிம் சூத்திரம் இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ள கூடுதல் வெற்றிடங்களையும் சுருக்கும். பவர் குவெரியின் டிரிம் முன்னும் பின்னும் மட்டும்தான் வெட்டும்.

தமிழில் எழுதிய பெயர்களைச் சாவியாக வைப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பயிற்சிக் குறிப்புகளில் இது இருக்காது. ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டுகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மென்பொருளுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். எல்லா மாவட்டங்களும் பொருந்தி, ‘கோயம்புத்தூர்’ மட்டும் அடம் பிடித்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சோதிப்பது சுலபம். இரண்டு கட்டங்களுக்கும் பக்கத்தில் ‘லென்’ சூத்திரம் போட்டு நீளத்தைப் பாருங்கள். ஒரே குறியாக எழுதிய கோயம்புத்தூருக்கு 13 வரும். துண்டாக எழுதியதற்கு 14. சரிசெய்ய, எக்செலிலேயே ‘சப்ஸ்டிட்யூட்’ சூத்திரத்தையும் (ஒன்றை எடுத்து இன்னொன்றை வைப்பது) ‘யூனிகேர்’ சூத்திரத்தையும் (எண்ணைக் கொடுத்தால் குறியைத் தருவது) சேர்த்துப் பயன்படுத்துங்கள்: 3014, 3006 என்ற எண்கள் கொண்ட குறிகள் அடுத்தடுத்து வந்தால் 3018 என்று மாற்று (இது ஒகரம்), 3015, 3006 வந்தால் 3019 என்று மாற்று (இது ஓகாரம்). ஔகாரத்திலும் இதே சிக்கல் உண்டு. சிலர் ஒற்றைக் கொம்பையும் ‘ள’வையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றாதீர்கள். ‘வெள்ளக்கோவில்’ என்பதிலும் ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்துத்தான் வருகின்றன. மொத்தமாக மாற்றினால் நல்ல ஊர்ப் பெயர் நாசமாகிவிடும். ஔகாரத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் பாருங்கள்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய ஃபைல் என்றால் கதையே வேறு. அதில் இருப்பது தமிழே இல்லை, தமிழ் வேஷம் போட்ட ஆங்கில எழுத்துகள். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வர வேண்டும்.

ஒரே சாவி இரண்டு தடவை இருக்கிறதா?

சாவிப் பத்தியைத் தேர்ந்து ‘ஹோம்’ தாவலில் ‘கீப் ரோஸ்’, அதற்குள் ‘கீப் டூப்ளிகேட்ஸ்’. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வருபவை மட்டும் திரையில் நிற்கும். பட்டியல் காலியானால் நல்லது. பார்த்து முடித்ததும் அந்தப் படியை மறக்காமல் நீக்குங்கள்.

ஏன் இது முக்கியம்? முதல் பட்டியலில் ஒரு சாவி 3 தடவையும் இரண்டாவதில் அதே சாவி 2 தடவையும் இருந்தால், இணைத்த பிறகு 6 வரிசைகள் வரும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஜோடி சேர்த்துவிடும். ஒரு பக்கம் திரும்பத் திரும்ப வருவது இயல்புதான். ஆயிரம் விற்பனை வரிசைகளுக்கு ஒரே விலைப் பட்டியல் என்பது போல. இரண்டு பக்கமும் திரும்ப வந்தால்தான் கணக்கு வீங்கும்.

சில சமயம் ஒரு பத்தி சாவியாகப் போதாது. மாவட்டத்துக்குக் கீழே வட்ட அளவில் வேலை செய்தால் ‘திருப்பத்தூர்’ இரண்டு இடத்தில் வரும்: ஒன்று திருப்பத்தூர் மாவட்டத்தில், இன்னொன்று சிவகங்கை மாவட்டத்தில். அப்போது மாவட்டம், வட்டம் இரண்டையும் சேர்த்துச் சாவியாக்க வேண்டும். இணைக்கும் பெட்டியில் ‘கண்ட்ரோல்’ பட்டனை அழுத்தியபடி இரண்டு பத்திகளையும் தேர்ந்தால் தலைப்புகளில் 1, 2 என்று சிறிய எண்கள் தோன்றும். கீழே உள்ள பட்டியலிலும் அதே முறையில் தேர்ந்தெடுங்கள். மேலே மாவட்டம் 1, கீழே வட்டம் 1 என்று மாறிப்போனால் ஒன்றும் பொருந்தாது.

பொருந்தாதவற்றை முதலில் பாருங்கள்

பெரும்பாலான பாடங்களில் நேராக இணைத்துவிட்டு, பிறகு காலிக் கட்டங்களைத் தேடச் சொல்வார்கள். நான் தலைகீழாகச் செய்வேன். பவர் குவெரி ஜன்னலில் ‘ஹோம்’ தாவலின் வலப்பக்கம் ‘மெர்ஜ் குவெரீஸ்’ இருக்கும். அதன் அம்பை அழுத்தி ‘மெர்ஜ் குவெரீஸ் ஆஸ் நியூ’ கொடுங்கள். பெட்டி திறக்கும். மேலே ‘மையங்கள்’, கீழே ‘சென்சஸ்’. இரண்டிலும் மாவட்டப் பத்தியைச் சொடுக்கித் தேர்ந்தெடுங்கள். அடியில் ‘ஜாயின் கைண்ட்’ என்று ஒரு கீழிறங்கு பட்டியல்.

அதில் ஆறு வகை. ‘லெஃப்ட் அவுட்டர்’ என்றால் முதல் பட்டியல் முழுசும், அதற்குப் பொருந்துபவை மட்டும் இரண்டாவதிலிருந்து. தினசரி வேலைக்குப் பத்தில் ஒன்பது தடவை இதுதான். ‘ரைட் அவுட்டர்’ அதன் மறுபக்கம். ‘ஃபுல் அவுட்டர்’ இரண்டு பக்கமும் உள்ள எல்லாம். ‘இன்னர்’ என்றால் இரண்டிலும் இருப்பவை மட்டும். பொருந்தாதவை சத்தமில்லாமல் காணாமல் போய்விடும் என்பதால் புதியவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. கடைசி இரண்டுதான் எனக்குப் பிடித்தவை: ‘லெஃப்ட் ஆன்டி’ முதல் பட்டியலில் மட்டும் இருப்பவற்றைத் தரும், ‘ரைட் ஆன்டி’ இரண்டாவதில் மட்டும் இருப்பவற்றைத் தரும்.

பெட்டியின் அடியில் முதல் பட்டியலில் எத்தனை வரிசைகள் பொருந்துகின்றன என்று ஒரு வரி வரும். எனக்கு 38இல் 26 என்று வந்தது. லெஃப்ட் ஆன்டி போட்டேன்: 12 மாவட்டங்கள். ரைட் ஆன்டி போட்டேன்: 6 மாவட்டங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விஷயம் வெளிச்சமானது.

ஆறு பெயர்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலில் அடிபட்டிருந்தன. தூத்துக்குடிக்கு சென்சஸ் இரண்டு ‘கே’ போடுகிறது, நண்பரின் குழு ஒரு ‘கே’. விழுப்புரம்தான் வேடிக்கை: சென்சஸில் ‘எல்’ ஒன்று, ‘பி’ இரண்டு, நாம் பழகிய எழுத்துக்கூட்டலில் ‘எல்’ இரண்டு, ‘பி’ ஒன்று. எழுத்தின் எண்ணிக்கை ஒன்றேதான், ஆனால் சேராது. நீலகிரிக்கு முன்னால் சென்சஸில் ஒரு ‘தி’ ஒட்டிக்கொண்டிருந்தது. கன்னியாகுமரி, காஞ்சிபுரம், திருவள்ளூர் மற்ற மூன்றும்.

மீதி ஆறு மாவட்டங்கள் 2011இல் இல்லவே இல்லை. கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஐந்தும் 2019இல் வந்தவை. மயிலாடுதுறை 2020இல் வந்தது.

இங்கே ஒரு குறுக்குவழி கண்ணில் படும். இணைக்கும் பெட்டியில் ‘ஃபஸி மேட்சிங்’ என்றொரு டிக் பெட்டி இருக்கிறது. எழுத்துக்கூட்டல் கொஞ்சம் மாறியிருந்தாலும் பொருத்திவிடும். எவ்வளவு ஒற்றுமை வேண்டும் என்பதை 0 முதல் 1 வரை நீங்களே வைக்கலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் 0.8. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் பெயர்கள் என்றால் இது வரப்பிரசாதம். மாவட்டப் பெயர்களுக்கு வேண்டாம். திருவள்ளூரும் திருவாரூரும் ஆங்கிலத்தில் எவ்வளவு நெருக்கம் என்று எழுதிப் பாருங்கள். வரம்பைக் கொஞ்சம் தளர்த்தினால் வங்கக் கடலோரத்தில் சென்னைக்கு வடக்கே இருக்கிற மாவட்டம் காவிரிப் படுகைக்குப் போய்விடலாம்.

இணைப்பது

எழுத்துக்கூட்டலைச் சரிசெய்த பிறகு மறுபடி ‘மெர்ஜ் குவெரீஸ் ஆஸ் நியூ’, இந்தத் தடவை ‘லெஃப்ட் அவுட்டர்’. ஓகே கொடுத்ததும் முதல் பட்டியலின் கடைசியில் ‘சென்சஸ்’ என்று ஒரு புதிய பத்தி, எல்லாக் கட்டத்திலும் ‘டேபிள்’ என்று எழுதியிருக்கும். ‘தப்பாகிவிட்டது’ என்று நிறையப் பேர் இங்கேதான் மூடிவிட்டுப் போகிறார்கள். தப்பாகவில்லை. பொருந்திய வரிசை அந்தக் கட்டத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ‘டேபிள்’ என்ற சொல்லின் மேல் சொடுக்காமல், அதன் பக்கத்து வெற்று இடத்தில் சொடுக்கினால் உள்ளே இருப்பது அடியில் தெரியும்.

பத்தித் தலைப்பில் இரண்டு பக்கமும் பார்க்கும் அம்புச் சின்னத்தை அழுத்துங்கள். வேண்டிய பத்தியை (இங்கே மக்கள்தொகை) மட்டும் டிக் செய்து, கீழே ‘யூஸ் ஒரிஜினல் காலம் நேம் ஆஸ் பிரிஃபிக்ஸ்’ என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஓகே. அவ்வளவுதான், இணைந்துவிட்டது. நண்பர் சொன்ன ஐந்து நிமிஷம் இதுதான்.

பொருந்தியும் தப்பாக இருப்பது

32 மாவட்டங்களுக்கு எண் வந்தது, 6 மாவட்டங்கள் காலி. கூட்டிப் பார்த்தேன்: 7,21,47,030. தாளில் குறித்து வைத்த அதே எண். அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். விழுப்புரம் வரிசையில் கண் நின்றது. மக்கள்தொகை 34,58,873. இது கள்ளக்குறிச்சியையும் சேர்த்த பழைய விழுப்புரத்தின் எண்ணிக்கை. பக்கத்துப் பத்தியில் இருக்கும் மையங்களோ பிரிந்த பிறகான விழுப்புரத்தில் உள்ளவை மட்டும். பெயர் பொருந்தியது, மொத்தம் பொருந்தியது, வரிசை தப்பு. வேலூர், திருநெல்வேலி, காஞ்சிபுரம், நாகப்பட்டினம் எல்லாவற்றிலும் இதே கதை. காலியாக இருந்த ஆறு வரிசைகளைவிட எண் நிரம்பியிருந்த இந்த ஐந்துதான் மோசம். காலி இருந்தால் யாராவது கேட்பார்கள்.

இதற்கு வழி, நடுவில் ஒரு பாலப் பட்டியல். ஒரு பத்தியில் இன்றைய மாவட்டம், பக்கத்தில் 2011இல் அது எந்த மாவட்டத்தில் இருந்தது என்று 38 வரிசைகள் தயார் செய்தேன். கள்ளக்குறிச்சிக்கு நேரே விழுப்புரம், தென்காசிக்கு நேரே திருநெல்வேலி என்று. ‘மையங்க’ளைப் பாலத்தோடு இணைத்தேன், அதை ‘சென்சஸ்’ஸோடு இணைத்தேன். 38க்கு 38 பொருந்தியது. சந்தோஷமாகக் கூட்டினால் 9,21,70,500.

தமிழ்நாட்டில் ஒரு ராத்திரியில் 2 கோடிப் பேர் கூடிவிட்டார்கள். யோசித்தால் காரணம் சாதாரணம். பழைய விழுப்புரத்தின் 34 லட்சம் பேரும் விழுப்புரத்துக்கு ஒரு தடவை, கள்ளக்குறிச்சிக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை வந்துவிட்டார்கள். வேலூரின் 39,36,331 பேர் மூன்று முறை. ஒரு மக்கள்தொகை எண்ணைப் பல வரிசைகளில் ஒட்டிவிட்டு அதைக் கூட்டினால் இப்படித்தான் ஆகும். தாளில் அந்த மொத்தத்தைக் குறித்து வைத்திருக்காவிட்டால் இது அப்படியே போயிருக்கும்.

ஆகவே இணைப்பதற்கு முன்னால் தொகுக்க வேண்டும். பாலத்தோடு இணைத்த ‘மையங்கள்’ பட்டியலில் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ தாவலின் ‘குரூப் பை’ அழுத்தி, எதன்படி தொகுப்பது என்பதில் 2011 மாவட்டத்தையும், செயல் என்பதில் ‘சம்’, பத்தி என்பதில் மையங்களின் எண்ணிக்கையையும் கொடுத்தால் 38 வரிசைகள் சுருங்கும். அதை ‘சென்சஸ்’ஸோடு இணைத்தால் ஒரு மாவட்டம் ஒரு தடவைதான் வரும்.

சென்னை மட்டும் இதற்கும் மசியவில்லை. 2018இல் சென்னை மாவட்டத்தின் எல்லையை விரித்தார்கள். அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர் போன்ற பகுதிகள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்தன. 2011 கணக்கில் சென்னைக்கு உள்ள 46,46,732 பேர் பழைய எல்லைக்குள் இருந்தவர்கள். பெயரில் ஒரு மாற்றமும் இல்லாததால் எந்த ஆன்டி இணைப்பிலும் இது மாட்டாது. வட்ட அளவில் எண்களை எடுத்து எல்லையைத் திருத்திக் கட்டலாம். அதற்கு நண்பருக்குப் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கையும் ஒரே தொகுப்பாக்கிவிட்டோம். 2011இல் அந்தப் பரப்பில் 1,23,73,088 பேர். நுணுக்கம் கொஞ்சம் குறைகிறது, ஆனால் சொல்கிற எண் உண்மை.

கடைசியில் பாலப் பட்டியலை இப்படி வைத்துக்கொண்டேன்: முதல் பத்தியில் இன்றைய 38 பெயர்களோடு சென்சஸின் ஆறு மாற்று எழுத்துக்கூட்டல்களும், ஆக 44 வரிசைகள், இரண்டாவது பத்தியில் தொகுப்பின் பெயர். எந்த ஃபைலில் இருந்து எந்தப் பெயர் வந்தாலும் பாலம் சரியான தொகுப்புக்குக் கொண்டு போய் விட்டுவிடும். ‘மையங்கள்’, ‘சென்சஸ்’ இரண்டையும் தனித்தனியாகப் பாலத்தோடு இணைத்து, தனித்தனியாகத் தொகுத்து, பிறகு ஒன்றோடொன்று இணைத்தேன். இந்தப் பக்கம் 30 வரிசை, அந்தப் பக்கம் 30 வரிசை. மக்கள்தொகை மொத்தம் 7,21,47,030. மையங்களின் மொத்தமும் நண்பரின் மூல ஃபைலில் இருந்ததுதான்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு

ஓப்பன்ரிஃபைன் இலவசம், பெயர்க் குழப்பத்தைத் துடைப்பதில் பவர் குவெரியைவிட ஒரு படி மேல். ஒன்றுபோல் தெரியும் பெயர்களைக் கொத்துக் கொத்தாகக் காட்டி, எதை எதோடு சேர்க்கலாம் என்று உங்களிடமே கேட்கும் ‘கிளஸ்டர்’ வசதி அதில் அருமை. ஆனால் இரண்டு பட்டியல்களை இணைக்க ‘கிராஸ்’ என்ற சூத்திரத்தைக் கையால் எழுத வேண்டும்; புதியவர்களுக்குக் கொஞ்சம் மிரட்டலாக இருக்கும். நான் பெயர்களை அங்கே துடைத்து, இங்கே கொண்டு வந்து இணைப்பேன். டேப்லோ பிரெப்பில் பொருந்தாத மதிப்புகளை இணைக்கும் இடத்திலேயே சிவப்பில் காட்டிவிடும். அங்கேயே திருத்தவும் செய்யலாம். எதில் செய்தாலும் லெஃப்ட், இன்னர் என்ற பெயர்கள் மாறாது.

அடுத்த மாதம்

இதையெல்லாம் ஒரு தடவை கட்டிவிட்டால் அடுத்த மாதம் புது ஃபைல் வரும்போது, ‘மையங்கள்’ டேபிளில் புதிய எண்களை ஒட்டிவிட்டு ‘டேட்டா’ தாவலில் ‘ரெஃப்ரெஷ் ஆல்’ அழுத்தினால் போதும். படிகளெல்லாம் தானாக மறுபடி ஓடும். பாலத்தோடு போட்ட லெஃப்ட் ஆன்டி குவெரியை மட்டும் நீக்காமல், தனி ஷீட்டில் இறக்கி வைத்திருக்கிறேன். ரெஃப்ரெஷ் செய்ததும் முதலில் அந்த ஷீட்டைப் பார்ப்பேன். காலியாக இருந்தால்தான் மேலே போவேன். இரண்டு மாதம் காலியாகவே இருந்தது. மூன்றாவது மாதம் ‘நெல்லை’ என்று ஒரு வரிசை வந்து நின்றது. யாரோ ஒரு தன்னார்வலர் ஊர்ப் பாசத்தில் அடித்திருக்கிறார். பாலத்தில் 45ஆவது வரிசையாக ‘நெல்லை’யைச் சேர்த்து, நேரே திருநெல்வேலி என்று போட்டுவிட்டு மறுபடி ரெஃப்ரெஷ் அழுத்தினேன்.